மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம்

டோப்ராவில் வெர்னா புரோகோப்பின் முன்னால் யாரும் 'ஏறக்குறைய' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் தொலைந்தார்கள். ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து கோதுமை லாரிகளை எடை போட்டவள் அவள். ஓட்டுநர் ஒரு காலை லாரிப் படியில் வைத்துக்கொண்டு நின்றால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். "இறங்கி நில்லு. உன் எடைக்கெல்லாம் யாரும் கோதுமை விலை தரமாட்டாங்க" என்று ஜன்னலைத் திறந்து சொல்லுவாள். வீட்டில் பைரோஹிக் கொழுக்கட்டைக்கு மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டினால், வட்டங்களுக்கு நடுவே மிஞ்சும் மாவு ஒரு கைப்பிடி தேறாது.

இப்படி ஒரு மனுஷியோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நெஸ்டர் நடத்தினான். ஊர் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தை மழித்து, தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கும் ஐஸ் வண்டியை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவன் அவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் சிரிக்கவைப்பான். வெர்னாவின் கறார்த்தனத்தைப் பற்றி ஊரில் உலவும் கதைகளில் பாதி அவன் கிளப்பிவிட்டவைதான்.

கிடங்கை மூடியபோது வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கை சும்மா இருக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டிக்கரும் காகிதமும் வெட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கி, சமையலறை மேஜையில் ஜன்னலோரமாக வைத்தாள். கணினியில் படத்தை வரைந்து, அச்சடித்து, அந்தத் தாளைப் பசையுள்ள பிளாஸ்டிக் பாயில் மூலைக்கு மூலை சேர்த்து ஒட்டி உள்ளே விட வேண்டும். தாளின் மூலைகளில் மூன்று கறுப்புக் குறிகள் இருக்கும். மெஷினின் கண் முதலில் அவற்றைத் தேடிப் பார்க்கும். பார்த்துவிட்டு, திரையில் வெட்டுக்கோடு எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் தாளில் பிளேடை இறக்கும். திரையில் வைத்த இடம்தான் தாளில் வெட்டுகிற இடம். வெர்னாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? எடைமேடைக்கு அப்புறம் அவள் சொன்ன பேச்சைக் கேட்ட இரண்டாவது பொருள் இதுதான்.

இரண்டே வருஷத்தில் டோப்ராவில் அவள் கைபடாத ஸ்டிக்கர் இல்லை. ஜாம் பாட்டில், பனியில் கல் சறுக்கும் கர்லிங் ஆட்டத்துத் துடைப்பம், தீயணைப்புக் கூடத்து வாளி, தேவாலயத்துப் பைரோஹிப் பெட்டி, எல்லாவற்றிலும் வெர்னாவின் வேலை. ஒரு மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் விட்டு, சுற்றிலும் ஒரே சீராக வெட்டியிருக்கும். வெளியூர்க்காரன் ஒருத்தன் இது தொழிற்சாலை வேலையா என்று கேட்டபோது, அவள் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடெலீன் கோவால் எதிர்வீட்டுக்காரி. நாற்பது வருஷத் தோழி. இலையுதிர்கால ஊர் விருந்துக்கு இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆயிரம் பைரோஹி மடிப்பார்கள். வெர்னா மடிப்பது எல்லாம் ஒரே அளவு. அடெலீன் மடிப்பது அடெலீன் மனநிலையைப் பொறுத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பரில், மகள் கல்யாணத்துக்குப் பெயர் அட்டைகள் வெட்ட வேண்டும் என்று மெஷினை இரவல் கேட்டாள். "தாளை எப்பவும் மூலையில சேர்த்து ஒட்டு. முதல்ல சாதாரணத் தாள்ல ஒண்ணு வெட்டிப் பாரு. அப்புறம்தான் நல்ல தாளை விடணும்" என்று மூன்று தடவை சொல்லித்தான் வெர்னா கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து மெஷின் அதன் அட்டைப்பெட்டியிலேயே திரும்பி வந்தது. பெட்டியின் மேல் ஒரு பாட்டில் வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்தது.

அடுத்த வாரமே கேடு ஆரம்பமானது. தேவாலயத்து ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு இருநூறு ஸ்டிக்கர். ஒவ்வொன்றிலும் வெட்டு வலப்பக்கம் ஒதுங்கி, இடது ஓரத்து எழுத்தைத் தின்றிருந்தது. வெர்னா நம்பாமல் மறுபடி வெட்டினாள். மறுபடி அதே கதை. தீயணைப்புக் கூடத்து வேலையும் பாழாய்ப் போனது. கூட்டுறவுக் கடையில் ரொட்டி அடுக்கின் முன்னால் நின்று அடெலீன் உச்சுக்கொட்டினாள். "பாவம், வெர்னாவுக்குக் கண்ணு போகுது. வயசாகுதுல்ல. அவகிட்ட இதைப் போய்ச் சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சுடுவா." சொல்லாதே என்று சொன்னால் டோப்ராவில் எவ்வளவு நேரம் சொல்லாமல் இருப்பார்கள்? சாயங்காலத்துக்குள் வெர்னாவின் காதுக்கு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு அடெலீன் புத்தம் புது மெஷின் ஒன்று வாங்கினாள். வேலைகள் எல்லாம் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போயின.

வெர்னா பயந்துபோனாள். எடையில் ஒரு கிலோ பிசகாதவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை என்றால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நெஸ்டர்தான் சாஸ்கட்டூன் நகரத்துக்கு வண்டி ஓட்டினான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கண் டாக்டர் சோதித்துவிட்டு, வயதுக்கு ஏற்ற கண்தான், பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். வெர்னா விடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு கண்ணாடி மாற்றினாள். இரண்டு தடவையும் நெஸ்டர்தான் அழைத்துப்போனான், இரண்டு தடவையும் சட்டத்தை அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். "இது உனக்கு நல்லா இருக்கு. டீச்சர் மாதிரி இருக்க" என்றான்.

கண் இல்லை, மெஷின்தான் என்று அவள் கண்டுபிடிக்க வசந்தம் வந்துவிட்டது. கட்டம் போட்ட தாளை அச்சடித்து, அதன்மேல் ஒரு சதுரத்தை வெட்டவிட்டு, ஸ்கேலை வைத்து அளந்தாள். வெட்டு மூன்று மில்லிமீட்டர் வலப்பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கீழேயும் விழுந்தது. பத்துத் தடவை வெட்டினாலும் அதே மூன்று, அதே ஒன்று. சரிபார்ப்பு ஓட்டினால் மெஷின் மண்டையை ஆட்டிவிட்டு, மறுபடி தன் புத்தியையே காட்டியது. குறிகளைப் பார்க்கும் அதன் கண் எங்கோ வளைந்துபோயிருந்தது. சரி, நீ கோணல் என்றால் நான் எதிர்க்கோணல் என்று வெர்னா முடிவு செய்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசைனிலும் படத்தை அப்படியே விட்டுவிட்டு, வெட்டுக்கோட்டை மட்டும் மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கமும் ஒரு மில்லிமீட்டர் மேலேயும் நகர்த்தி வைத்தாள். திரையில் பார்த்தால் கோணலாக இருக்கும். தாளில் அச்சு அசலாக விழும்.

வேலை பழையபடி சுத்தமாகிவிட்டது. ஆனால் அதைப் பார்க்க யாரும் வரவில்லை. கண் போனவள் என்ற பேர் ஊரில் நிலைத்துவிட்டது. வெர்னா தன் மசாலாப் புட்டிகளுக்கே திரும்பத் திரும்பப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு வயதாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

போன ஏப்ரலில் நெஸ்டர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து கூடத்தில் சாப்பாடு. அடெலீனின் புருஷன் ஓரஸ்ட், நெஸ்டரோடு இருபது வருஷம் கர்லிங் ஆடியவன், இரண்டு கிளாஸ் ரை விஸ்கி உள்ளே போனபின் வெர்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆறுதலாக என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் தட்டில் இருந்த முட்டைக்கோஸ் சுருளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மெஷின் இன்னும் ஓடுதா வெர்னா?"

"ஓடுது."

"பரவாயில்லையே. அன்னைக்கு அடெலீன் இந்த ஹால் படியில அதைப் போட்டப்போ, அதோட கதை முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். நாலு படி உருண்டுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். வெர்னா முட்டைக்கோஸ் சுருளை நாலு சமத் துண்டாக வெட்டி, நாலையும் சாப்பிட்டு முடித்தாள்.

அன்றைக்கே தெருவைக் கடந்து போய் அடெலீனின் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஏன் பிடிக்கவில்லை என்றால், பிடித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடெலீன் அழுவாள். கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இன்னொரு பாட்டில் ஊறுகாய் வரும். விஷயம் சமையலறையோடு முடிந்துவிடும். பழி போட்டது சமையலறையிலா? நடுக்கடையில், ரொட்டி வாங்க வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி போட்டாள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஊர் கேட்க, அவள் வாயால். வெர்னாவுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். கோடை முழுக்கத் தக்காளிக்குக் களை பிடுங்கியபடி அதையே கறுவிக்கொண்டிருந்தாள். புருஷனை நினைத்து அழ வேண்டிய நேரத்தில்கூடப் பாதி நேரம் அடெலீனை நினைத்துப் பல்லைக் கடித்தாள். அந்தப் பாதியையும் சேர்த்து அடெலீன் பேரில் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் கடைசியில் இரை தானாகவே வலைக்கு வந்தது. அடெலீன் ஹாக்கி கிளப்பின் செயலாளர். பூசணி அடையோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்த சீசன் முதல் ஆட்டத்துக்கு நம்ம பசங்க எல்லார் ஹெல்மெட்லயும் நெஸ்டருக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிருக்கோம்டி. இருபத்திநாலு ஹெல்மெட்."

"நல்லது."

"நீ டிசைன் மட்டும் போட்டு அனுப்பு. வெட்டுறதை நான் பாத்துக்கறேன். கண்ணும் சரியில்ல, மனசும் சரியில்ல, உனக்கு எதுக்குச் சிரமம்?"

வெர்னா பூசணி அடையை ஒரு வாய் வைத்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"சரி. அனுப்பறேன்" என்றாள்.

டிசைனுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ஐஸ் வண்டியின் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்தாள். ஸ்டீயரிங்கின் பின்னால் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம். தொப்பியின் மடிப்பைக்கூட விடவில்லை. கீழே NESTOR என்று பேர், அதை ஒட்டி வலது ஓரத்தில் 31. முப்பத்தோரு வருஷம். அதை வரையும்போது மட்டும் அவள் அடெலீனை மறந்திருந்தாள். முடித்த பிறகு, கை தன் பழக்கப்படி வெட்டுக்கோட்டை இடப்பக்கம் மூன்று, மேலே ஒன்று என்று நகர்த்தியது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. இந்தக் கோப்பு இப்படியே போனால் அடெலீனின் நேரான மெஷின் திரையில் இருக்கிறபடியே வெட்டும். வலது ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் போய்விடும். முப்பத்தொன்றில் ஒன்று காணாமல் போகும். அனுப்புவதற்கு முன் கோட்டை நடுவில் கொண்டுவந்துவிட்டால் போதும். ஒரே ஒரு பொத்தான். விரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

அநியாயமாக அடித்ததாக இருக்கக் கூடாது என்று கோப்போடு ஒரு வரி எழுதினாள். நல்ல தாளை விடுவதற்கு முன் சாதாரணத் தாளில் ஒன்று வெட்டிப் பார் என்று. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "என் மெஷினுக்குக் கண்ணு நல்லாவே இருக்கு!" அதன் பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

வெர்னா மறுநாளே தன் கோணல் மெஷினில் அதே கோப்பை வெட்டினாள். போன வருஷம் வாங்கிய, தண்ணீர் பட்டாலும் கெடாத வினைல் தாளில் இரண்டு மிச்சம் இருந்தது. இருபத்திநாலும் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வெள்ளையோடு குறையில்லாமல் வந்தன. அவற்றை பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினாள். அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான். அடெலீன் தாளையெல்லாம் பாழாக்குவாள், ஆட்டத்தன்று வந்து நிற்பாள், ஊர் கேட்க உண்மையைச் சொல்வாள். பிறகு டப்பா திறக்கும். நெஸ்டரின் பேருக்கு ஒரு குறையும் வராது.

அந்த வினைல் டோப்ராவில் கிடைக்காது. சொன்னால் தபாலில் வர ஒரு வாரம் ஆகும். அடெலீன் எதையும் கடைசி நாளுக்கு வைப்பவள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆட்டம். காலை பத்து மணிக்கு அவள் வெர்னாவின் வாசலில் நின்றாள். தலை சீவவில்லை.

"மெஷின் என்னமோ பண்ணுது வெர்னா."

"என்ன பண்ணுது?"

"எல்லாம் இடது பக்கமாப் போய் வெட்டுது. நாலு தடவை சரிபார்ப்பு ஓட்டிட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது, வெட்டினா மறுபடி அதே மாதிரி. தாள் பூரா தீந்துபோச்சு. இதைப் பாரு."

ஒரு ஸ்டிக்கரை நீட்டினாள். இடப்பக்கம் வெறும் வெள்ளை. வலப்பக்கம் NESTOR 3 என்பதோடு நின்றிருந்தது.

வெர்னா அதை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தாள். நாலு வருஷமாக அவள் வாயில் காத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. அதை அவசரப்படாமல் கேட்டாள்.

"கீழ போட்டியா?"

அடெலீனின் முகம் வெளிறியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் சொன்னா?"

"உன் புருஷன். என் புருஷனைப் புதைச்ச அன்னைக்கு."

"கல்யாண அவசரம் வெர்னா. மழை வேற. படி வழுக்கிடுச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நாலு வருஷமாவா?"

"ஊறுகாய் வச்சு அனுப்பினேனே."

"ஊறுகாய் நல்லா இருந்துச்சு. போட்டது கைதவறின்னு வச்சுக்கறேன். கடையில நின்னு என் கண்ணு மேல பழி போட்டியே, அதுவும் வழுக்கிடுச்சா?"

வெர்னா உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அடெலீனின் கை தானாக நீண்டது. வெர்னா மூடியை அழுத்தினாள்.

"நீ வேணும்னேதான் கோப்பை அப்படி அனுப்பினியா?"

"வெட்டிப் பாக்கச் சொல்லி எழுதினேன். உன் மெஷினுக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு நீதான் சொன்ன." வெர்னா டப்பாவைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். "ஒரு மணிக்கு அரங்கு கேன்டீனுக்கு வா. நெட்டி இருப்பா, மத்தவங்களும் இருப்பாங்க. நீ மெஷினைப் போட்டு உடைச்சதையும், பழியை என் கண்ணு மேல போட்டதையும் அங்க சொல்லு. சொல்லி முடிச்ச ரெண்டாவது நிமிஷம் டப்பா உன் கையில."

"சொல்லலன்னா?"

"உன்கிட்ட இருக்கறதை ஒட்டு."

ஒரு மணிக்குக் கேன்டீனில் வெங்காயம் வதங்கும் வாடை தூக்கலாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதுப் பனித்தளம் வெள்ளையாகக் கிடந்தது. அடுப்பின் முன்னால் நெட்டி. எழுபது வயது. முப்பது வருஷமாக அந்தக் கேன்டீன் அவள் ராஜ்ஜியம். மேஜையைச் சுற்றி ஆறேழு பெண்கள் காபிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கதவோரம் நின்றாள். சந்தோஷம்தான். இதைச் சந்தோஷம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமே இல்லை.

அடெலீன் வந்து மேஜையின் முன்னால் நின்றாள்.

"உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். வெர்னா கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நாலு வருஷம் முன்னால அவ மெஷினை நான்தான் ஹால் படியில போட்டு உடைச்சேன். சொல்லாம திருப்பிக் குடுத்துட்டேன். அப்புறம் அவ கண்ணு போயிடுச்சுன்னு நானே சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருத்தி காபியில் சர்க்கரையைக் கலக்கினாள். நெட்டி வெங்காயத்தைத் திருப்பிப்போட்டாள்.

"அதுவா? அது எங்களுக்கு அப்பவே தெரியுமே" என்றாள் நெட்டி.

வெர்னாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "எங்களுக்குன்னா யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். ஓரஸ்ட் அந்த வாரமே நெஸ்டர்கிட்ட சொல்லிட்டான். நெஸ்டர் இங்க வந்து எங்ககிட்ட சொன்னான். இதோ, இந்த மேஜையில உக்காந்துதான்."

"நெஸ்டருக்குத் தெரியுமா?"

நெட்டி அப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்தாள். வெர்னாவுக்குத் தெரியாது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற சாதி இல்லை அவள்.

"அந்த வருஷம் அவனும் ஓரஸ்டும் கர்லிங் மாகாணப் போட்டிக்குப் போறதா இருந்துச்சுல்ல. 'வெர்னாவுக்குத் தெரிஞ்சா அடெலீன் வீட்டுக் கூரை மிஞ்சாது. ஓரஸ்ட் என்கூட ஆட வரமாட்டான். பிப்ரவரி வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க'ன்னான். நாங்களும் சிரிச்சுட்டு விட்டுட்டோம். அப்புறம் பிப்ரவரி வந்துச்சு, போச்சு. எல்லாருக்கும் மறந்தும் போச்சு."

"என் கண்ணு போச்சுன்னு ஊரே சொல்லுச்சே, நெட்டி."

"நாங்க சொல்லலியே. அடெலீன்தான் சொன்னா."

"இல்லன்னும் நீங்க சொல்லல."

வெங்காயம் தீய ஆரம்பித்தது. நெட்டி திரும்பிக்கொண்டாள்.

வெர்னா நின்ற இடத்தில் நின்றபடியே எடை போட்டாள். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகாது. செப்டம்பரில் அவனுக்குத் தெரியும். நவம்பரில் சாஸ்கட்டூனுக்கு அழைத்துப்போனான். ஜனவரியில் மறுபடி. குருடாகிவிடுவேனோ என்று அவள் இருட்டில் அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்தான். சட்டம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். டீச்சர் மாதிரி இருக்க என்றான். எல்லாம் தெரிந்துகொண்டே, ஒரு கல்லைப் பனியில் சறுக்கவிடும் ஆட்டத்துக்காக. அந்த வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். அதற்கும் அவள்தான் ஆறுதல் சொன்னாள். ஆட்டம் முடிந்த பிறகாவது சொன்னானா என்றால், சாகிறவரைக்கும் சொல்லவில்லை.

எதிரே நின்ற அடெலீன் அவள் கண்ணுக்குச் சின்னதாகிப் போனாள். பயந்தாங்கொள்ளி, பொய் சொன்னாள், அவ்வளவுதான். அடெலீனிடம் கேட்டுவிட்டாள், அடெலீனும் சொல்லிவிட்டாள். மற்றவனிடம் எங்கே போய்க் கேட்பது? மண்ணுக்குள் போனவனின் சட்டையைப் பிடிக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஏப்ரலிலிருந்து அவனுக்காக விட்ட கண்ணீரை ஒவ்வொரு சொட்டாகத் திரும்ப வாங்க வேண்டும் போலிருந்தது.

அடெலீன் கையை நீட்டினாள். "சொல்லிட்டேன் வெர்னா. குடு. உடை மாத்துற அறையில பசங்க காத்திட்டிருக்காங்க."

வெர்னா கைப்பையைத் திறந்தாள். டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையை மூடினாள்.

"நீ சொன்னது போதும் அடெலீன். உனக்கும் எனக்கும் இனி ஒண்ணும் இல்ல."

"அப்ப ஸ்டிக்கர்?"

"உன்கிட்ட இருக்கறதையே ஒட்டு."

"அதுல பேரு கெட்டுப்போயிருக்கு. நெஸ்டர் பேரு வெர்னா."

"யார் பேருன்னு எனக்குத் தெரியும்."

அடெலீன் அவள் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகப் பார்த்த முகம்தான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. உடை மாற்றும் அறைப் பக்கம் நடந்தாள்.

இரண்டு மணிக்கு விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஊர் அணி வரிசையாகப் பனியில் இறங்கி நடுவட்டத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் நெஸ்டரின் பேரைச் சொன்னார்கள், முப்பத்தோரு வருஷம் என்றார்கள், மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள். வெர்னாவும் எழுந்து நின்றாள். கம்பியோரம் முதல் வரிசையில்தான் அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து இருபத்திநாலு ஹெல்மெட்டும் துல்லியமாகத் தெரிந்தன. இருபத்திநாலிலும் தொப்பி போட்ட சின்ன உருவம் வலப்பக்க விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வெள்ளை அசிங்கமாகப் பல்லிளித்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு ஹெல்மெட்டையும் விடவில்லை. கண்ணில் ஈரம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

மௌனம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பக்கத்து இருக்கையில் ஸ்டான்லி. ஊருக்கு வடக்கே கோதுமை போடுகிறவன். முன்னே குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"மூணுன்னு போட்டிருக்கு? முப்பத்தொண்ணுல்ல இருக்கணும். ஒண்ணைக் காணோமே. கோணலா வெட்டிட்டாங்க போல. அடெலீன் வேலையா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக் காலைக்குள் கூட்டுறவுக் கடை வரைக்கும் போய்விடும். நாலு வருஷம் வெர்னா பட்ட பாட்டை அடெலீனும் கொஞ்சம் படுவாள்.

"இல்ல ஸ்டான்லி. என்னுது."

அவன் சங்கடப்பட்டு, அவள் கண்ணாடியைப் பார்த்தான். "ஓ. பரவாயில்ல வெர்னா. கண்ணு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். தூரத்துல யாருக்கும் தெரியாது."

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் வெர்னா. பனியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "அது கோணல் இல்ல. எங்க வெட்டணும்னு நான் வச்சேனோ, அங்கதான் வெட்டியிருக்கு."